எஞ்சிய சுருக்கம்



இதயத்திற்கும் கண்ணுக்கும் கவிதையில் இடமுண்டு, சிறுநீர்ப்பைக்கு இல்லை. அதன் நோயை நோயுற்றோரும் நாணத்தால் மறைப்பர். அவ்வுறுப்பையும் ஆராய்ந்து நரம்பியலின் போக்கையே மாற்றியவர், இலண்டனில் 1929இல் பிறந்த ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக்.

நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலினே பையைச் சுருக்குகிறது என்பது பழைய கொள்கை. அதனைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைச் செலுத்திய பின்னரும் விலங்குகளின் பை முற்றும் ஓயவில்லை. ஒரு சுருக்கம் எஞ்சியது. அந்த எச்சத்திற்குப் பர்ன்ஸ்டாக் விடை தேடினார். உயிரணுவின் ஆற்றற்பொருளான ஏ.டி.பி.யே நரம்பின் தூதாகவும் செயற்படுகிறது என்றார். 1972இல் அத்தகு நரம்புகளுக்குப் ‘பியூரினெர்ஜிக்’ எனப் பெயரிட்டார். 1978இல் கினிப்பன்றியின் சிறுநீர்ப்பையில் சான்று காட்டினார்.

எரிபொருள் எங்ஙனம் தூதாகும் என வினவினர் அறிஞர். அப்பெயரையே திரித்து ‘வெறுங்கற்பனை’ என எள்ளினோரும் உளர். 1990களில் ஏ.டி.பி.யின் ஏற்பிகள் மரபணு வழியே அடையாளங் காணப்பட்ட பின்னரே எள்ளல் அடங்கியது.

நலமுற்ற மனிதரின் பையில் அவ்வெச்சம் மிகச் சிறிது. நோயுற்ற பையிலோ பெருகுகிறது. வழக்கமான மருந்துகள் சிலர்க்குப் போதாமைக்கு இஃதொரு காரணமாகலாம்.

சிறுநீர்ப்பை நோய்க்கு இவ்வழியில் ஒரு மருந்தைக் காணாமலே பர்ன்ஸ்டாக் 2020இல் மறைந்தார். ஏ.டி.பி. ஏற்பியொன்றைத் தடுக்கும் ஜெஃபாபிக்ஸன்ட் 2022இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. ஆயின் அது நாட்பட்ட இருமலுக்கே.

விதிக்குள் அடங்காது எஞ்சுவதைப் புறக்கணியாமை புலவர்க்கும் ஆய்வாளர்க்கும் பொதுவான அறம். வெறுங்கற்பனை எனப்பட்டது மெய்யானது அவ்வறத்தாலன்றோ!