மலையிலிருந்து கடலுக்கு ஒரு நாள்

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளியிலே ஒரு தலைமுறைக்கு முன்வரை முதியோர் ‘ஊர்’ என்று சொன்னால், அது ஸ்பிரிங்வெளியைக் குறித்ததன்று. திருச்சியிலோ சேலத்திலோ இராமநாதபுரத்திலோ உள்ள ஒரு கிராமத்தையே அச்சொல் குறித்தது. அக்கிராமத்தைக் கண்ணாற் காணாதவரும், நமுனுகுல மலையடியிலே லயத்து அறையிற் பிறந்தவரும், அவ்வாறே சொன்னார்கள். பிறந்த மண்ணிலேயே அயல்நாட்டில் வாழ்வார்போல் வாழ்ந்த மக்கள் அவர்கள்.

இத்தகையோர் ஒரு நாள் கடலைக் காணப் புறப்படுவது வெறும் உல்லாசப் பயணம் ஆகுமோ?

அவர்தம் குடும்பக் கதைகளிலே கடல் என்பது பார்த்து மகிழும் பொருளன்று. அஞ்சிக் கடந்த பொருள். கோப்பிக் காலத்திலே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் அதனோடு இணைந்த புகைவண்டியும் வந்தன. 1924 இல் பதுளைக்கே புகைவண்டி வந்துவிட்டது.

வந்த வழியே திரும்பிப் போகவும் நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆன குடும்பங்கள் பல. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறிற்று.

ஆகவே இன்று ஸ்பிரிங்வெளிப் பிள்ளைகள் காணப்போவது மேற்கே உள்ள அந்தக் கடலையன்று. அவர்களுக்கு அணித்தான கரை கிழக்கே பொத்துவில். ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரம். வாடகைக்குப் பிடித்த வண்டி விடியுமுன்னே, கட்டுச்சோற்றோடும் உறக்கம் கலையாத குழந்தைகளோடும், பதுளைக்கு இறங்கிப் பசறை, மொனராகலை வழியாக ஓடும். தேயிலை மறைந்து இறப்பர் தோன்றும். அதுவும் மறைந்தபின் வறண்ட காடு. லாகுகலைக் குளத்தருகே யானை தென்பட்டால், கடலைப்பற்றிய பேச்சே சற்று நின்றுவிடும்!

ஆடி, ஆவணியே இப்பயணத்துக்கு உகந்த காலம். அப்போது தென்மேற்குக் காற்று தன் மழையையெல்லாம் மலையின் மறுபுறத்தே கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாய் ஊவாவில் இறங்குகின்றது. அக்காற்றுப்பட்டுக் கொழுந்து குறையும். ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தந்த மணம் அப்போதுதான் ஏறும். அதே காற்றுக் கீழே இறங்கி, மேலும் வெம்மை கொண்டு, கிழக்குக் கரையை அடைகின்றது. அங்குள்ளோர் அதனைக் ‘கச்சான்’ என்பர். பொத்துவிலார் சலித்துக்கொள்ளும் காற்று, மலையிலிருந்து வந்தவர்க்கு உடன்வந்த உறவினன் போலும்!

ஆடி அமாவாசையாயின் வண்டி பொத்துவிலில் நில்லாது, வடக்கே திருக்கோவிலுக்குச் செல்லும். சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் தீர்த்தம் கடலிலேயே நடைபெறுவது. இறந்த தந்தையை நினைந்து நீராட இராமேசுவரம் செல்ல இயலாத தோட்டத்து மனிதர், இங்கே இடுப்பளவு நீரில் நின்று கடலை நோக்கிக் கைகூப்புகிறார். திசை வேறாயினும் நீர் ஒன்றே என்பது அவர் கணக்கு. அக்கணக்கைப் பிழையென்று சொல்ல எந்தப் புலவருக்கும் உரிமையில்லை.

பிள்ளைகளுக்கு இந்த நினைவுகள் இல்லை. அவர்கள் முதலில் நீரை நாவில் வைத்துப் பார்க்கிறார்கள். உப்பென்று பாடப் புத்தகம் சொன்னதை நம்பியும் நம்பாமலும்! இங்கே பெரியவர்க்கு ஒரு சொல். ஓடையிலே குளித்துப் பழகிய பிள்ளைக்கு அலையின் இழுப்புத் தெரியாது. அறுகம் குடாவில் வெளிநாட்டார் பலகையேறி அலைமீது விளையாடுவதைக் கண்டு, அவ்விடத்தே இறங்கிவிடலாகாது. 2004 டிசம்பர் 26 இல் இக்கரையைச் சுனாமி அழித்ததையும் அவர்க்குச் சொல்லி வைப்பது நன்று.

மாலை நான்கு மணிக்கெல்லாம் வண்டி திரும்பியாக வேண்டும். மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டியவர்கள் அல்லவா? பசறைக்கு மேலே குளிர் தொடங்குகின்றது, மூட்டையிலிருந்து கம்பளியை எடுக்கும் அம்மாயியிடம், “எப்ப அம்மாயி ஊருக்குப் போய்ச் சேருவோம்?” என்று பேரப்பிள்ளை கேட்கின்றது. அப்பிள்ளை கேட்டது ஸ்பிரிங்வெளியை.