சின்ன நக்ஷத்திரமும் நீண்ட ஆயுளும்

நக்ஷத்திரங்களுக்கும் பிறப்பு, சாவு உண்டு. ஆனால் எல்லாவற்றிற்கும் ஒரே ஆயுள் அல்ல. பெரியதற்கு ஆயுள் அதிகமா, சிறியதற்கா? எண்ணெய் அதிகமுள்ளதுதானே அதிக நேரம் எரியும் என்பீர்கள். ஊர்வலத்துத் தீவட்டி குடம் எண்ணெய் குடித்தும் நடுநிசிக்குள் அணைந்துவிடுகின்றது. வீட்டு அகலோ விடியுமட்டும் எரிகின்றது.

நக்ஷத்திரமும் அப்படியே. மிகப் பெரியது, தன் பாரத்தாலேயே நடுப்பாகம் நசுங்கிச் சூடேறி, உள்ள ஹைட்ரஜனைச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் தீர்த்துவிட்டு வெடித்துப்போகின்றது. சூரியனுக்கு ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டு. சூரியனில் பத்திலொரு பங்கு எடையுள்ளதற்கோ பல லட்சம் கோடி ஆண்டு. சூரியன் போன்றது கடைசியில் ஊதிச் சிவந்து, மேற்பாகத்தை உதறி, சின்ன வெள்ளை உருண்டையாய் ஆறிப்போகும். மிகச் சிறியது ஊதாமலே ஆறும். அப்படித் தானாக ஆறியது ஒன்றுகூட இன்னும் இல்லை. ஏனெனில் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1380 கோடி ஆண்டுதான்!

ஆகவே, ஆதியில் தோன்றிய பெரியவையெல்லாம் செத்தொழிந்தன. சிறியவை தோன்றியிருந்தால் இன்றும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அவற்றை எப்படிக் கண்டுகொள்வது? ஆதியில் இருந்தவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம் மட்டுமே. கரி, பிராணவாயு, இரும்பு ஆகியவை பின்னால் நக்ஷத்திரங்களின் வயிற்றில் வெந்து சிதறியவை. நக்ஷத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய கருங்கோடுகளைக் காட்டும். இரும்பின் கோடு மங்க மங்க, நக்ஷத்திரம் பழையதென்று கொள்ளலாம்.

ஆனால், கரி, பிராணவாயு முதலியவை போதிய அளவு இல்லாத வாயுமேகம் நன்றாகக் குளிராது, குளிராதது சிறு துண்டுகளாக உடையாது, ஆதலால் அதிலிருந்து சின்ன நக்ஷத்திரம் உண்டாகவே முடியாது என்பதாக வானசாஸ்திரிகள் பலர் கணக்குப் போட்டிருந்தார்கள். 2011-ம் வருஷத்தில் எலிசபெட்டா காஃபாவ் அம்மையாரும் அவரது கூட்டத்தாரும், சிலி தேசத்திலுள்ள பெரிய தொலைநோக்கியைக் கொண்டு சிம்ம மண்டலத்தில் ஒரு நக்ஷத்திரத்தை ஆராய்ந்தார்கள். எடை சூரியனுக்குக் குறைவு. ஹைட்ரஜனும் ஹீலியமும் நீங்கலான பொருள்களோ சூரியனில் இருப்பதில் 20,000-ல் ஒரு பங்குக்கும் குறைவு. வயது 1300 கோடி ஆண்டுக்கு மேலிருக்கலாம் என்றார்கள்.

கணக்கு "இருக்க முடியாது" என்றது. நக்ஷத்திரமோ எதிரே நின்றது. வானசாஸ்திரிகள் என்ன செய்தார்கள்? நக்ஷத்திரத்தை மறைத்தார்களா? கணக்குப் போட்டவர்கள் மகான்கள் என்றார்களா? இல்லை, கணக்கைத் திருத்தப் புகுந்தார்கள். மேகத்திலிருந்த சொற்பத் தூசியே அதைக் குளிரச் செய்து உடைத்திருக்கலாம் என்று இப்போது ஆராய்கின்றார்கள். இரும்பு முதலியவை அறவே கலவாத ஆதி நக்ஷத்திரம் இன்னும் அகப்படவில்லை, தேடுகின்றார்கள்.

தோழர்களே! கண்ட உண்மைக்கு முன் தன் சொல்லை மாற்றிக்கொள்ளும் இந்த நாணயமே அறிவின் பலம். நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ளாமல், விசாரித்து, சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.