படத்தைப் பற்றிப் பேச நமக்குச் சொல் வேண்டும்

(நெல்லித்தோப்பில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு குழந்தை தான் வரைந்த படத்தைக் காட்டினால், ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கூடுதலாக என்ன சொல்வது? கலை விமர்சகர்களின் பணியைப் பார்த்தால் வழி தெரியும்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் 1954இல் ‘குட்டாய்’ என்ற ஓவியர் குழு தோன்றியது. ஒருவர் காலால் வண்ணம் தீட்டினார். இன்னொருவர் காகிதத் திரைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார். அவர்களே ஓர் இதழும் நடத்தினார்கள். 1957இல் ஜப்பான் வந்த பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் தப்பியே, அவர்களை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1960இல் தோனோ யோஷியாகி என்ற விமர்சகர், புதிய போக்கொன்றுக்கு ‘எதிர்க்கலை’ என்று பெயரிட்டார். பெயர் கிடைத்ததும் விவாதம் தொடங்கியது.

அதே காலத்தில் சென்னையிலும் புதுமை நடந்தது. ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரைந்தார். எழுத்து போலத் தெரியும், வாசிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போலவும் தோன்றும். பார்ப்பவர் திகைத்தார்கள். எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. ஓவியர்கள் 1961இலேயே ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழைத் தொடங்கியிருந்தார்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் உருவானது. ஜோசப் ஜேம்ஸ் அந்த ஓவியர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்.

ஆனால் அந்த எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் வாசகருக்கு நவீன ஓவியம் சிற்றிதழ்கள் வழியாகத்தான் வந்தது. ஆதிமூலத்தின் கோடுகளைக் கதை, கவிதைகளுக்கு நடுவே பார்த்தோம். வெங்கட் சாமிநாதன், தேனுகா, இந்திரன் ஆகியோர் தமிழில் எழுதினார்கள். சிற்றிதழ் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்? நம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகவில்லை. ‘ஒண்ணுமே புரியல’ என்று மாடர்ன் ஆர்ட்டைக் கேலி செய்யும் வழக்கம் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் குறையை வகுப்பறையில் நாம் தீர்க்கலாம். நல்ல விமர்சகர் முதலில் தீர்ப்புச் சொல்வதில்லை, உற்றுப் பார்க்கிறார். நாமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். படத்தில் என்னென்ன தெரிகிறது? எப்படி வரையப்பட்டிருக்கிறது? ஏன் அப்படி? வானத்தை மஞ்சளாகத் தீட்டிய பிள்ளையிடம், ‘வானம் நீலம்தானே’ என்று திருத்துவதற்கு முன், ‘மஞ்சள் ஏன்?’ என்று கேட்போம். அந்தப் பதில் மொழிப் பாடத்துக்கும் உதவும்.

தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். அப்போது பிள்ளைகள் இழப்பது படம் வரையும் நேரத்தை மட்டுமல்ல. கண்டதைச் சொல்லவும், சொன்னதற்குக் காரணம் காட்டவும் கிடைத்த வாய்ப்பையும் இழக்கிறார்கள். வாரத்தில் அந்த ஒரு பாடவேளையை விட்டுக்கொடுக்காமல் காப்போம்.