நாம் வாழும் மாவட்டத்தின் ஓராண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவிலே பேச வருவோர் பெரும்பாலும் சங்க காலத்தின் சிறப்பையோ, சோழர் காலத்தின் பெருமையையோ எடுத்துரைப்பது வழக்கம். நானும் இம்மேடையில் பலமுறை அவ்வாறே பேசியிருக்கிறேன். இன்று மட்டும் அவ்வழக்கத்தினின்று சற்றே விலக உங்கள் இசைவை வேண்டுகிறேன். நமக்கு மிக அண்மையில் இருப்பதும், நாம் மிகக் குறைவாக அறிந்திருப்பதுமான ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நாம் வாழும் மும்பைப் புறநகர் மாவட்டத்தில் 2005ஆம் ஆண்டில் நிகழ்ந்தவையே என் பொருள்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் நம் சங்க நூலக அலமாரியைத் துப்புரவு செய்தபொழுது, 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாம் வெளியிட்ட மலர் கைக்குக் கிடைத்தது. ஆவலோடு புரட்டினேன். கோலப் போட்டியில் பரிசு பெற்றோர் பெயர்கள் இருந்தன. குறள் ஒப்பித்த சிறுவர் சிறுமியர் பெயர்கள் இருந்தன. ஆழிப்பேரலையால் அல்லலுற்ற நாகப்பட்டினத்து மக்களுக்கு நாம் திரட்டியனுப்பிய நிதிக்கு நன்கொடை அளித்தோர் பட்டியல் இரண்டு பக்கம் இருந்தது. கணக்கறிக்கை ஒரு காசும் பிசகாமல் இருந்தது. ஆனால் 2005 ஜூலை 26 பற்றி அம்மலரில் ஒரு வரியும் இல்லை! அந்த மலர்க் குழுவில் நானும் ஒருவன். ஆதலால் பிறர்மீது குறை கூறுகிறேன் என்று எவரும் கருத வேண்டா. என் குறையையே இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் நம் மாவட்டத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். இது சால்செட் தீவின் தென்பகுதி. முன்னாளில் வயலும் உப்பளமும் மீனவர் குப்பங்களும் நிறைந்த சிற்றூர்களாய் இருந்த இப்பகுதியில், சோகேசுவரி, பாண்டுப் வரையுள்ள ஊர்கள் 1950இலும், தகிசர், முலுண்டு வரையுள்ள ஊர்கள் 1957இலும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 1990 அக்டோபர் முதல் நாளில் புறநகர் தனி மாவட்டமாயிற்று. அந்தேரி, போரிவலி, குர்லா என மூன்று வட்டங்கள், தலைமையிடம் பாந்திரா.

வடக்கே தாணே எல்லையைத் தாண்டியும் பரந்து கிடக்கிறது, நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சஞ்சய் காந்தி தேசியப் பூங்காக் காடு. விகார், துளசி, பவாய் என மூன்று ஏரிகள் உள்ளன. அக்காட்டிலும் அதனை ஒட்டிய குன்றுகளிலும் தோன்றித் தகிசர், பொய்சர், ஓசிவாரா, மித்தி என நான்கு ஆறுகள் ஓடுகின்றன. முதல் மூன்றும் மேற்கு நோக்கிச் செல்வன. மித்தி மட்டும் தெற்கு நோக்கி ஓடி மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது.

நண்பர்களே, காவிரி எங்கே பிறக்கிறது என்று கேட்டால், இங்குள்ள சிறுவர்கள் குடகு என்று உடனே விடை கூறுவார்கள். வைகையையும் பொருநையையும் அவர்கள் அறிவார்கள். தாம் நாள்தோறும் பள்ளிப் பேருந்தில் கடந்து செல்லும் மித்தி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். 2005 வரை நானும் அவ்வாறே விழித்திருப்பேன். அதனை ஓர் ஆறு என்று கூட நான் எண்ணியதில்லை. 'அந்தப் பெரிய சாக்கடை' என்றே சொல்லி வந்தேன். 'மித்தி' என்ற சொல்லுக்கு இந்தி மொழியில் இனியது என்று பொருள். மராத்தியிலோ தழுவுதல் என்றும் பொருள் உண்டு. இத்துணை அழகிய பெயர் கொண்ட ஆற்றை நாம் அவ்வாறு இகழ்ந்தோம்.

இனி 2005ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு கண்ணீரோடு பிறந்தது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. நாம் வீடு வீடாகச் சென்று அரிசியும் ஆடையும் பணமும் திரட்டினோம். அது செய்யத் தக்க பணியே. ஆனால் அதே வாரங்களில் நம் நகரிலே குடிசைப் பகுதிகள் பேரளவில் இடிக்கப்பட்டு வந்தன. 2004 டிசம்பரில் தொடங்கி 2005 தொடக்க மாதங்கள் வரை எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டன என்று அன்று கணக்கிடப்பட்டது. மலாடு, மான்குர்து, கோவண்டிப் பகுதிகளில் இடிபாடுகளின் மேலேயே குடும்பங்கள் உறங்கின. அந்நிலங்கள் பிறருக்கு உரியவை என்ற வாதமும், உழைக்க வந்தவர் எங்கே போவது என்ற வாதமும் அன்று எதிரெதிரே நின்றன. எது சரி என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. நாகப்பட்டினத்துக்கு மூட்டை கட்டிய நம் கண்களுக்கு, பக்கத்து மைதானத்தில் வீடிழந்து நின்றவர்கள் தென்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பின்னர் ஜூலைத் திங்கள் வந்தது. 26ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கமான மழை. எல்லாரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றோம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் வானம் உடைந்தாற்போல் பெய்யத் தொடங்கியது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசு வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர், அதாவது 37 அங்குலம். தமிழ்நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் தாயகத்தின் ஓராண்டு மழை, நாம் வாழும் ஊரில் ஒரே நாளில் பெய்துவிட்டது. விகார் ஏரிப் பகுதியில் ஆயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. அதே நாளில், முப்பது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர் மட்டுமே! தென்மும்பையில் இருந்தவர்களுக்குப் புறநகர் மூழ்குவது வெகுநேரம் தெரியவில்லை.

இரயில்கள் நின்றன. விமான நிலையம் முப்பது மணி நேரத்துக்கு மேல் மூடப்பட்டது. குர்லாவும் கலினாவும் பாந்திரா கிழக்கும் நீரில் ஆழ்ந்தன. சாக்கிநாக்காவில் குன்று சரிந்து எழுபது பேரளவில் மண்ணுக்குள் புதைந்தனர். கார்களின் கண்ணாடியை இறக்க இயலாமல் உள்ளேயே மூச்சடங்கியோரும் உண்டு. நகரில் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 28ஆம் நாள் இரவு, அணை உடைந்தது என்றும் ஆழிப்பேரலை வருகிறது என்றும் பரவிய பொய்ச் செய்தியால் சூகுப் பகுதிக் குடியிருப்பொன்றில் மக்கள் அஞ்சி ஓடி, நெரிசலில் சிக்கிப் பலர் உயிர் துறந்தனர். ஆகஸ்டில், தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் பரவி மேலும் பல உயிர்களைப் பறித்தது.

இத்துணைத் துயருக்கும் மழை ஒன்றே காரணமா? மழைநீர் வடிகால்களில் பெரும்பகுதி மிகப் பழையவை. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாறு கணக்கிட்டு அமைந்தவை. அன்று ஒரு மணி நேரத்தில் பெய்த மழை அதனைப் பன்மடங்கு விஞ்சியது. கடலும் பிற்பகலில் ஏறி நின்றமையால் நீர் வடிய வழியில்லை. வடிகால்களை இருமடங்கு திறனுடையனவாக்க வேண்டும் என்று 1993இலேயே ஒரு திட்ட அறிக்கை கூறியிருந்தது. அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. மித்தியோ, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடும் தன் வழியில், விமான ஓடுபாதையால் நெருக்கப்பட்டு, தொழிற்பட்டறைகளின் கழிவைச் சுமந்து, கரைகளில் குடிசைகளையும் கொட்டிய மண்ணையும் தாங்கி, இறுதியில் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த பாந்திரா-குர்லா வளாகத்தின் ஓரமாய் ஒடுங்கிக் கடலை அடைகிறது. ஆற்றின் மடியை ஏழையும் எடுத்துக்கொண்டான்; செல்வனும் எடுத்துக்கொண்டான்; அரசும் எடுத்துக்கொண்டது. குடிசையைச் சுட்டிக்காட்டுவது எளிது. கண்ணாடி மாளிகையும் அதே ஆற்றின் இடத்தில்தான் நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் நிகழ்ந்தவற்றையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் மித்தி ஆற்று மேம்பாட்டுக்கும் பாதுகாப்புக்கும் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. நீர்வள அறிஞர் மாதவ் சிதளே தலைமையில் அமைந்த உண்மையறியும் குழு மறுஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அதுகாறும் கொலாபாவையும் சாந்தாகுரூசையும் மட்டுமே பெரிதும் நம்பியிருந்த நகரில், 2006 முதல் பல இடங்களில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. 2005 டிசம்பரில் நாடு முழுமைக்குமான பேரிடர் மேலாண்மைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சித் தலைவரின் தலைமையில் ஓர் ஆணையம் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆயினும் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சாந்தாகுரூசில் 2017 ஆகஸ்டு 29இல் 331 மில்லிமீட்டரும், 2019 ஜூலைத் தொடக்கத்தில் ஒரே நாளில் 375 மில்லிமீட்டரும் பெய்தபொழுது நகரம் மீண்டும் திகைத்து நின்றதை நாம் அறிவோம்.

இவையெல்லாம் ஏடுகளில் கிடைக்கும் செய்திகள். ஏடுகளில் இல்லாத ஒன்றை இப்பொழுது சொல்கிறேன்.

அன்றிரவு குர்லாவிலிருந்து இருப்புப்பாதை வழியே நம் காலனிக்கு நடந்து வந்த தாய்மார்கள் சிலர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். என் மனைவியும் அவர்களுள் ஒருத்தி. மின்விளக்கு இல்லை, தொலைபேசி இல்லை, இடுப்பளவு நீர். சாக்கடைக் குழிகளின் மூடிகள் எங்கெங்கே பெயர்ந்து கிடந்தன என்று எவருக்கும் தெரியாது. அவ்விடத்தில் சில இளைஞர்கள் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராய்க் கைதூக்கிக் கடத்திவிட்டார்கள். "பயப்படாதீர்கள், அக்கா" என்று ஒருவன் மராத்தியில் சொன்னானாம். அவர்களுடைய தாய்மார்கள் தேநீர் காய்ச்சி, கிண்ணம் கிண்ணமாய் நீட்டினார்களாம். சில நாள் கழித்து நன்றி கூறச் சென்றேன். அவர்கள் தண்டவாள ஓரக் குடிசைகளில் வாழ்பவர்கள். அக்குடிசைகளுட் சில அவ்வாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டவை. குளிர்காலத்தில் நம் கண்ணுக்குத் தென்படாத அம்மக்கள்தாம், மழைக்காலத்தில் நம் வீட்டுப் பெண்களை வீட்டில் கொண்டு சேர்த்தார்கள். அந்தச் செய்தியைத்தான் நம் மலரில் நான் சேர்க்காமல் விட்டேன். 'இது சங்கத்துக்குரிய பொருள் அன்று. தமிழுக்குரிய பொருள் அன்று' என்று அன்று கருதினேன். அக்கருத்து பிழை.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றின் மரத்தையும் பறவையையும் நீரையும் பெயர் சொல்லி அறிந்தார்கள் என்று நாம் பெருமை பேசுகிறோம். அப்பெருமைக்கு உரியவர்களாக வேண்டுமாயின், நம் கால் பதிந்துள்ள நிலத்தை நாமும் அவ்வாறு அறிய வேண்டாவா? போரிவலிக்கு அப்பாலுள்ள கான்கேரிக் குகைகளுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பார்கள்: ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே அங்கு வந்து தங்கத் தொடங்கிய பௌத்தத் துறவிகள், பாறையில் வாய்க்கால் வெட்டி, மழைநீரைக் குகைதோறும் தொட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். வந்து தங்கியவர்களுக்கும் இவ்வூர் மழையின் இயல்பு தெரிந்திருந்தது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒன்று: இனி வெளிவரும் ஒவ்வொரு மலரிலும் 'நம் மாவட்டத்தின் ஓராண்டு' என்று இரண்டு பக்கங்களை ஒதுக்குவோம். எந்த ஏரி எந்நாளில் நிரம்பியது, எந்தப் பாலம் திறக்கப்பட்டது, எந்தப் பள்ளி மூடப்பட்டது, யாருடைய வீடு இடிந்தது என்பனவற்றைத் தேதியோடு குறித்து வைப்போம். இரண்டு: 2005இல் வெள்ளம் நின்ற உயரத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்பொழுதே, அவர்களைக் கேட்டு, நம் மதிற்சுவரில் அந்த உயரத்தை ஒரு கோடாக வரைந்து ஆண்டையும் எழுதுவோம். மூன்று: மழை ஓய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சிறுவர்களைப் பவாய் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, மித்தி பிறக்கும் பகுதி இதுவே என்று காட்டுவோம். தண்டவாள ஓரத்துப் பிள்ளைகளையும் உடன் அழைப்போம்.

2005இன் பக்கங்களை எழுதும் பணியை, இருபது ஆண்டுகள் தாழ்ந்தேனும், நானே ஏற்றுக்கொள்கிறேன். அன்று நடந்து வந்தவர்களும், வீட்டில் விளக்கேற்றிக் காத்திருந்தவர்களும் தத்தம் நினைவுகளை எழுதியோ, என்னிடம் நேரில் சொல்லியோ உதவ வேண்டுகிறேன்.