வேறு வழியாய் வீடு நோக்கி



இன்று திருக்காட்சிப் பெருவிழா. விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகளைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று மறைக்கல்விக்கு வரும் சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அவர்கள் ஊர் திரும்பிய பயணத்தை நாம் அதிகம் நினைப்பதில்லை. ஏரோதிடம் போகவேண்டாம் என்று கனவில் எச்சரிக்கை வந்தது. அவர்கள் பாதையை மாற்றிக்கொண்டு ஊர் போனார்கள். மத்தேயு இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அந்த வேறு வழியில் எத்தனை நாள் கூடுதலாயிற்று, வீட்டில் காத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று சொல்லவில்லை. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு, அந்த வரியை என்னால் எளிதாய்க் கடந்து போக முடிவதில்லை.

அப்போது நான் ஜெர்மனியில் மேற்படிப்பில் இருந்தேன். ஏப்ரல் 19, திங்கள்கிழமை காலை 10 மணிக்கு ஊரில் என் ஒரே தங்கைக்குத் திருமணம். அப்பா இல்லாத வீடு. திருமணத் திருப்பலியை அண்ணன்தான் நிறைவேற்ற வேண்டும் என்பது நான் குருமடத்தில் இருந்தபோதே அவள் சொல்லி வைத்தது. 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு விமானமாக ரத்தாகிக்கொண்டிருந்தது. ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் ஐரோப்பிய வானமெங்கும் பரவிவிட்டதாம். நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

சாம்பலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். முகப்பில் இருந்த இளம்பெண்ணிடம் குரலை உயர்த்தினேன். "திங்கள்கிழமை என் தங்கைக்குக் கல்யாணம்" என்றேன். அவள் என் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள். "ஃபாதர், வானத்தைத் திறக்க என்னிடம் சாவி இல்லையே" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. ஆனாலும் கோபம் தணியவில்லை.

இரவில் கூடம் முழுக்க மடக்குக் கட்டில்கள் போட்டார்கள். முதல் விமானத்தைத் தவறவிடக் கூடாதென்று நானும் ஒன்றில் இடம் பிடித்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, என் துர்ப்பாக்கியத்தை அரைமணி நேரம் புலம்பித் தீர்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு கேரளச் சகோதரி. ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் செவிலியர். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இரண்டு ரொட்டித் துண்டுகளை என்னிடம் நீட்டினார். "அச்சோ, ஒன்று கேட்கலாமா? நேற்று என் அம்மச்சி இறந்துபோனார். நாளை மாலை 4 மணிக்கு அடக்கம். அந்த நேரத்துக்கு இங்கே ஒரு பூசை வைக்க முடியுமா?"

நேயர்களே, அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் புலம்பியது முழுவதையும் அவர் கேட்டிருக்கிறார். என் தங்கையை மூன்று நாள் கழித்தாவது நான் பார்ப்பேன். அவர் அம்மாவின் முகத்தை இனிப் பார்க்கவே போவதில்லை.

கேரளத்தில் மாலை 4 மணி என்றால் அங்கே பகல் 12.30. விமான நிலையத்துச் சிற்றாலயத்தில் சனிக்கிழமை அந்நேரம் திருப்பலி வைத்தோம். அந்தச் சகோதரி, பிலிப்பைன்ஸ் குடும்பம் ஒன்று, மொழி தெரியாத ஒரு முதியவர், நான். இறுதி மன்றாட்டின்போது ஊரில் அவருடைய தம்பி தன் கைப்பேசியைச் சவப்பெட்டிக்கு அருகில் பிடித்துக்கொண்டார். நாங்கள் செபித்தது அங்கே கேட்டது. அங்கே அடித்த துக்கமணி எங்களுக்குக் கேட்டது. எரிமலை எதற்காக வெடித்தது என்று நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கடவுள் எனக்காக விமானங்களை நிறுத்தினார் என்றும் சொல்லமாட்டேன். நின்றுபோன இடத்தில் எனக்கொரு வேலை இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பின்னாளில்தான் அந்தச் சாம்பலைப் பற்றி வாசித்தேன். கண்ணாடித்தூள் போன்ற அந்தத் துகள்கள் இன்ஜினின் வெப்பத்தில் உருகி உள்ளே படிந்துவிடுமாம். 1982-இல் இந்தோனேசியாவுக்கு மேலே எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த ஒரு விமானத்தின் 4 இன்ஜின்களும் நின்றுபோயின. மீண்டும் அவை இயங்கியதால் எல்லாரும் பிழைத்தார்கள். நான் யாரை வைதேனோ, அவர்கள்தான் என் உயிரைக் காத்திருக்கிறார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். பருவம் தப்பிவிட்டது, இப்போது கப்பலை எடுத்தால் ஆபத்து என்று கிரேத்துத் தீவில் பவுல் எச்சரிக்கிறார். தாமதத்தைப் பொறுக்காதவர்கள் கேட்கவில்லை. புயலில் 14 நாள் அலைந்தார்கள். அந்த நிலையில் பவுல் என்ன செய்கிறார்? "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒருமுறை நினைவூட்டுகிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மனந்தளர வேண்டாம் என்கிறார். சாப்பிடுங்கள் என்கிறார். தாமே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்லி உண்கிறார். கப்பல் உடைந்தது, ஆனால் 276 பேரில் ஒருவரும் சாகவில்லை. மால்தா தீவில் கரையேறியபோது, முன்பின் தெரியாத மக்கள் குளிர்காய நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள்.

வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: அன்றாட மருந்தும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும். வீட்டு எண்ணைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். முகப்பில் இருப்பவரிடம் கோபப்படாமல் கேட்கட்டும். அவரும் வீட்டுக்குப் போக வேண்டியவர்தான். பசியோடு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கட்டும். வீட்டில் காத்திருக்கும் நமக்கும் ஒன்று உண்டு. "ஏன் இன்னும் வரவில்லை?" என்று பத்துமுறை கேட்பதைவிட, "சாப்பிட்டாயா?" என்று ஒருமுறை கேட்போம்.

திங்கள்கிழமை விடியற்காலை 6.30 மணிக்கு, தங்கையின் திருமணத் திருப்பலியை எங்கள் பங்குத்தந்தை ஊரில் தொடங்கியபோது, நான் அதே சிற்றாலயத்தில் தனியாக முழந்தாளிட்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் அந்தச் சகோதரி வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். 22-ஆம் தேதி வீடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலைப் பூசையில் மணமக்கள் இருவரும் முன்வரிசையில் முழந்தாளிட்டார்கள், ஆசீர் அளித்தேன். தங்கைக்கு அந்த வருத்தம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை. எனக்கும்தான். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 17 அன்று அந்த அம்மச்சிக்காக நான் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறேன். அன்று என் தங்கையும் அவளுடைய ஊர்க் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறாள்.

மன்றாடுவோம். ஆண்டவரே, இந்த நேரத்தில் விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பேருந்து நிலையங்களிலும் வீடு போக முடியாமல் காத்திருக்கும் எல்லாரையும் நினைத்தருளும். ஞானிகளுக்கு வேறு வழி காட்டிய நீர் அவர்களுக்கும் வழி காட்டும். வழி திறக்கும்வரை அருகில் இருப்பவர்களுக்கு ஆறுதலாயிருக்கும் மனத்தைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.