எலியாவுக்குக் கிடைத்த விடுப்பு

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு அருளுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. முதல் வாசகம்: 1 அரசர்கள் 19:4-8)



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியா ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்திருக்கிறார். பாலைநிலத்தில் முளைக்கும் செடி அது. ஆலமரத்து நிழலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அந்த அரை நிழலில் உட்கார்ந்துகொண்டு, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். கேட்டுவிட்டு, அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

இவர் தோற்றுப்போன மனிதர் அல்ல. இதற்கு முந்தைய அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேர் ஒரு பக்கம், எலியா ஒருவர் மறு பக்கம். வெற்றி எலியாவுக்கே. நெடுநாள் வறட்சி முடிந்து மழை கொட்டுகிறது. அந்த மழையில் ஆகாபு அரசனின் தேருக்கு முன்னால் ஓடுகிறார். வேலையில் அவரைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. அதன் பிறகுதான் ஈசபேல் அரசியின் மிரட்டல் வருகிறது, அவர் உடைந்துபோகிறார். பெயேர்செபா வரை ஓடி, உடன் வந்த பணியாளரையும் அங்கேயே விட்டுவிட்டு, தனியாகப் பாலைநிலத்துக்குள் நடக்கிறார்.

பணியாளரை விட்டுவிட்டுப் போனார் என்ற அந்தச் சிறு செய்தியை நாம் வாசிக்கும்போது கவனிப்பதில்லை. களைத்துப்போனவர் முதலில் செய்வது அதுதான். உதவிக்கு இருப்பவரையும் தள்ளிவைத்துவிடுவார்.

சென்ற ஆண்டு எங்கள் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடுதான் சொல்கிறோம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறோம். எங்கள் ஊர் பனியன் தொழிலை நம்பி வாழ்கிற ஊர். அவர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் கேட்கும் சேம்பிளிலிருந்து கடைசியில் கண்டெய்னர் கிளம்புவது வரைக்கும் அவர் பொறுப்பு. பையரின் நாட்டில் பகல் என்றால் இங்கே ராத்திரி. சாப்பிடும்போதும் போன், ஜெபமாலை சொல்லும்போதும் போன். ஒரு ஷிப்மெண்ட் போய்ச் சேர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். நான்கைந்து ஆண்டுகள் இப்படியே ஓடியிருக்கின்றன. பிறகு தூக்கம் போனது. காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தானைப் போடக்கூடக் கை வரவில்லை என்றார். மருத்துவர் பார்த்துவிட்டு, 21 நாள் வேலைக்குப் போகவே கூடாது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

அவர் அலுவலகத்தில் என்ன சொன்னார் தெரியுமா? மஞ்சள் காமாலை என்று சொன்னார். மஞ்சள் காமாலைக்கு மரியாதை இருக்கிறது. கீழாநெல்லி சாப்பிடுங்கள், மோர் குடியுங்கள் என்று நாலு பேர் அக்கறையாகச் சொல்வார்கள். "களைத்துப்போய்விட்டேன்" என்று சொன்னால், "எங்களுக்கு மட்டும் களைப்பில்லையா?" என்ற பதில்தான் வரும். நாமும் அப்படிச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். வயதான தாயாருக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியாது. அதனால் தினமும் காலையில் குளித்து, சட்டையை இன் பண்ணி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, எங்கள் கோயில் வளாகத்தில் லூர்து அன்னை கெபிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வீடு திரும்புவார். மருத்துவ விடுப்பில் இருக்கிற ஒரு மனிதர் வேலைக்குப் போவதாக நடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் நாங்கள் அவரைக் கவனித்தோம். இதைச் சொல்லத்தான் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகஸ்டு 15 எங்கள் பங்குத் திருவிழா. கொடியேற்றத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வரவு செலவு, நன்கொடை ரசீது எல்லாம் குவிந்து கிடந்தன. கணக்குத் தெரிந்த ஒருவர் கெபி முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்! "லீவில்தானே இருக்கீங்க, கொஞ்சம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க" என்று கூப்பிட்டோம். ஏன் லீவு என்று கேட்கவில்லை. அவரும் மறுக்கவில்லை. அவருக்கு மறுக்கத் தெரிந்திருந்தால் அவருக்கு அந்த நோயே வந்திருக்காது. எட்டு நாள் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து இரவு பத்து மணிவரை ரசீது எழுதினார். ஒன்பதாம் நாள் கணக்கில் 340 ரூபாய் உதைத்தது. திருப்பித் திருப்பி எண்ணினார். பிறகு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தையைப்போல அழுதார். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

இப்போது சூரைச் செடிக்கு வருவோம். வானதூதர் வருகிறார். எலியாவைத் திட்டவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கர்மேலில் அத்தனை பெரிய செயலைக் கண்ட நீரா இப்படிப் பேசுவது என்று நியாயம் பேசவில்லை. செபம் பண்ணு என்றுகூடச் சொல்லவில்லை. தொட்டு எழுப்புகிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா சாப்பிடுகிறார், மறுபடியும் படுத்துக்கொள்கிறார். வானதூதர் அதையும் தடுக்கவில்லை! சாப்பிட்டாயே, இனி எழுந்து போ என்று விரட்டவில்லை, தூங்கவிடுகிறார். இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் பயணத்தைப் பற்றிப் பேசுகிறார். அதிலும், போக வேண்டிய தூரம் அவருடைய பலத்துக்கு மிஞ்சியது என்று ஒப்புக்கொள்கிறார். ஒரு முதலாளி, ஒரு மேலாளர், அல்லது ஒரு பங்குத்தந்தை இப்படி ஒப்புக்கொண்டு நாம் எப்போதாவது கேட்டதுண்டா?

இதை இறையியல் கல்லூரியில் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஆனால் ரசீதுப் புத்தகத்தின்மேல் ஒருவர் அழுதபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

எங்கள் குருக்களிடையேயும் இந்த நோய் உண்டு. சென்ற வாரம், ஆகஸ்டு 4ஆம் நாள், பங்குத்தந்தையரின் பாதுகாவலர் புனித ஜான் மரிய வியான்னியின் நினைவு நாள். ஒவ்வோர் ஆண்டும் அவர் நாள்தோறும் பதினாறு மணிநேரம்வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருந்ததைப் பெருமையாகப் பிரசங்கிக்கிறோம். 1843இல் அவர் சாகும் நிலைவரை நோயுற்றதையும், எழுந்து நடமாடத் தொடங்கிய சில மாதங்களில் ஓர் இரவு யாருக்கும் சொல்லாமல் ஆர்ஸ் ஊரைவிட்டுக் கிளம்பித் தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதையும் பிரசங்கிப்பதில்லை. சில நாளில் திரும்பி வந்தார் என்பது உண்மை. ஆனால் போனதும் உண்மை. பங்கு மக்கள் அங்கும் தேடிப்போய்விட்டார்கள் என்பது இன்னும் உண்மை. நம் ஆண்டவருக்கும் அதுதான் நடந்தது. மூன்று வாரங்களுக்கு முன் மாற்கு நற்செய்தியில் கேட்டோமே, சாப்பிடக்கூட நேரமில்லாத சீடர்களைத் தனியிடத்துக்கு ஓய்வுக்கு அழைத்துப் போகிறார். படகு கரை சேர்வதற்குள் கூட்டம் முந்திக்கொண்டுவிடுகிறது.

போன ஆண்டு திருவிழா முடிந்ததும் இதை ஓர் அன்பியக் கூட்டத்தில் பேசினோம். ஒரு தாய் எழுந்தார். தையல் மெஷினில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவர். "சாமி, மாசச் சம்பளக்காரருக்கு லீவு உண்டு. எனக்கு யார் லீவு தருவா? ஒரு நாள் படுத்தா அன்னிக்கு அடுப்பு எரியாது" என்றார். நாங்கள் வாயடைத்துப்போனோம். அந்தக் கேள்விக்குப் பிரசங்கத்தில் பதில் இல்லை. வானதூதர் வெறுங்கையோடு வரவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தோம். ஓய்வெடு என்று சொல்கிறவர் அப்பமும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். அந்த அன்பியத்தில் இப்போது யாராவது படுத்துவிட்டால் வீடு மாற்றி வீடு சோறு போகிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு சிறு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். போதாது. தெரியும்.

ஈஎஸ்ஐ அட்டை இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுகிறவர்கள் அந்தத் திட்டத்துக்குள் வருகிறார்கள். உரிய நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்து, ஈஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்தால், ஆண்டில் 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். நம் மக்களில் பலர் அந்த அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சம்பளத்தில் ஒவ்வொரு மாதமும் பிடிக்கிறார்கள். வாங்கிக்கொள்வது பிச்சை அல்ல.

வேலையினால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் குறித்திருக்கிறது. தனி நோயாக அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகக் குறித்திருக்கிறது. சக்தி வடிந்துபோவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்வது எதுவும் பயனில்லை என்று தோன்றுவது. எலியாவிடம் மூன்றையும் பார்க்கலாம். அவரிடம் நான்காவதும் ஒன்று இருந்தது: சாக வேண்டும் என்ற எண்ணம். அது உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வந்தால், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழையுங்கள். தமிழில் பேசலாம், இரவிலும் பேசலாம். அப்படி எண்ணம் வந்ததற்காக யாரும் இறைவனின் எதிரியாகிவிடுவதில்லை. எலியா ஆகவில்லை.

அந்த மெர்ச்சண்டைசர் பிறகு எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, விடுப்பில் இருந்த இரண்டு ஞாயிறு எழுந்திருக்க முடியாமல் திருப்பலிக்கு வரவில்லை, அது பாவமா என்பதுதான். நோயுற்றவருக்கு ஞாயிறு கடன் கட்டாயமில்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. அதைச் சொன்னோம். "இதுவும் நோய்தானா சாமி?" என்று கேட்டார். மருத்துவர் எழுதித் தந்த சீட்டை இன்னும் நம்பாமல் இருந்தார், பாருங்கள்.

நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போன எலியா, தாம் ஒருவர்தான் மிஞ்சியிருப்பதாக ஆண்டவரிடம் முறையிடுகிறார். களைத்துப்போனவருக்கு உலகம் அப்படித்தான் தெரியும். ஆண்டவரோ, பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இஸ்ரயேலில் இருப்பதாகச் சொல்கிறார். எலிசாவைப் போய்ப் பார், அவனுக்குத் திருப்பொழிவு செய் என்கிறார். அதாவது, வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தருகிறார்.

எங்கள் அலுவலகத்திலும் அதுவேதான். அவரை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள், கணக்குக்கு யார் வருவார் என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். பூசைக்குப் பிறகு ஒருமுறை அறிவித்தோம். கல்லூரியில் பி.காம். படிக்கும் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். உதைத்த 340 ரூபாயை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு ரசீதை நாங்களே இரண்டு முறை பதிந்திருந்தோம்.

வரும் 15ஆம் நாள் அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. கொடியேறி ஐந்து நாளாகிறது. அவரும் குடும்பத்தோடு நவநாளுக்கு வருகிறார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனை அணைத்துவிடுகிறாராம். நேற்றுக்கூட அலுவலக வாசலில் நின்று, "ஏதாவது எழுத வேண்டியிருக்கா சாமி?" என்று எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்த அந்தப் பெண்கள், "ஒண்ணும் இல்ல அங்கிள், நீங்க போய் உக்காருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.