காவல் நிலைய ஏடும் கடவுளின் ஏடும்

(யூபிலி விழா மாலையில் ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் கொடியும் தேரும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் லேவியர் ஆகமம் கூறும் யூபிலி, அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு. ஆகவே இன்று, சிறையிலிருந்து வீடு திரும்புகிறவரைப் பற்றிச் சிந்திக்க விழைகிறோம்.

கல்வராயன் மலைப் பகுதியில் சாராய வழக்கு புதிதன்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அக்கொடுமையை நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். ஆனால் தண்டனைக்கு முடிவு உண்டு, பழிச்சொல்லுக்கு முடிவில்லை. மகனுக்குப் பெண் கேட்கச் சென்றாலும், 'அந்த வீடா?' என்கிறார்கள்.

பழியைப் பிறப்போடு ஒட்டிய சட்டமும் இங்கு இருந்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குற்றமும் செய்யாதவர்கள் கைரேகை பதித்தார்கள். 1947-இல் இம்மாகாணத்தில் அது ஒழிந்தது. நம் நாவிலிருந்து ஒழிந்ததா?

முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தாலே ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. தீர்ப்பே அதைச் சொல்ல வேண்டும். சிறுவர்களின் குற்றப் பதிவுகளைக் குறித்த காலத்துக்குப்பின் பொதுவாக அழித்துவிட வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். சட்டமே அழிக்கச் சொல்லும் ஏட்டை நாம் ஏன் பத்திரப்படுத்துகிறோம்?

நாமும் தவறியவரே. தண்டனை முடிந்து வந்த ஒருவரை விழாக் குழுவில் சேர்ப்பதா என்ற பேச்சு ஒருமுறை எழுந்தபோது, ஊராரின் முணுமுணுப்புக்கு அஞ்சி மௌனமாக இருந்துவிட்டோம். அவர் அதன்பின்னும் ஞாயிறுதோறும் வந்தார். கதவருகே நின்றே திருப்பலி கண்டார். பீடத்திலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் நம் நெஞ்சு சுட்டது.

நல்ல கள்வன் தன் குற்றத்தை மறைக்கவில்லை; தண்டனை நியாயமே என்று ஒப்புக்கொண்டான். ஆண்டவரோ அன்றே அவனுக்கு வான்வீட்டை வாக்களித்தார். நற்சான்றிதழ் கேட்கவில்லை.

அன்பர்களே, இவ்விழாவின் நினைவாக ஒன்று வேண்டுகிறோம். திரும்பி வந்தவரை வழக்கின் பெயரால் அல்ல, ஞானஸ்நானப் பெயரால் அழையுங்கள். கரும்பு வெட்டுக்கு ஆள் தேடும்போது அவரையும் கூப்பிடுங்கள். அவர் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக முன்வாருங்கள். கதவருகே நிற்பவர் உள்ளே வந்து அமரும் நாளே நம் பங்கின் உண்மையான யூபிலி.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.